ரெண்டும் நாலும் ஒரே ஆள்

"முட்டைக்கோஸ் எங்க சாப்பிட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க!"

"நான் முட்டைக்கோஸைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காகுதுடி!"

"கண்ணால பார்க்காதது வாயில எப்படி வந்துச்சு? பறந்து வந்துச்சா?"

புதன்கிழமை காலை ஏழே கால் மணிக்கு எங்கள் எதிர்வீட்டு மாடியில் இந்த விசாரணை நடந்தது. பால் வாங்க வந்தவர்கள் பாலை வாங்கிய பிறகும் தெருவிலேயே நின்றார்கள். நான் மட்டும் நின்றேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டால் காதை எங்கே கொண்டு போய் வைப்பது?

மனைவிக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'மூக்கு'. சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு வாசனை பார்க்கும் வேலை. எண் ஒட்டிய சின்னப் புட்டிகளை வரிசையாக வைப்பார்கள். இவள் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "ஏழாம் நம்பர்ல எண்ணெய் பழசு, பத்தாம் நம்பர் போன மாசத்துச் சரக்கு" என்பாள். அவள் சொன்னால் ஒரு தொட்டிச் சோப்பையே கவிழ்த்துவிடுவார்கள். பதினான்கு வருடத்தில் அந்த மூக்கு ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மூக்குக்குக் கொஞ்சம் திமிர் இல்லாமல் இருக்குமா?

கணவருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுக்கும் வேலை. ஆகவே அவர் 'மீட்டர்'. வயது நாற்பத்திரண்டு. ஆறு மாதமாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். காலையில் ஆறு முட்டை, சாயங்காலம் நாலு. நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் திடீரென்று மார்பை அகலமாக்கினால் தெரு என்ன நினைக்குமோ, அதையேதான் மனைவியும் நினைத்தாள்.

"நான் எதுவும் பேசலம்மா," என்று சமையலறை வாசலிலிருந்து மூன்றாவது குரல். மீட்டரின் அம்மா. பேசவில்லை என்று ஆரம்பித்தால் அந்த அம்மாள் பேசப்போகிறார் என்று அர்த்தம். "புதுக் கண்ணாடி போட்டதுல இருந்தே அவன் பார்வை சரியில்ல. அவ்வளவுதான் சொல்லுவேன். மத்ததைக் கண்ணாடிக் கடையில போய்க் கேளு."

"அம்மா, நீ சும்மா இரு!"

"நான் சும்மாதானேடா இருக்கேன்."

"இனிமே இந்த வீட்டுல எனக்குப் பச்சைத்தண்ணியும் வாழைப்பழமும்தான்!" என்று மீட்டர் கத்தினார். "லீவு போட்டுட்டு இந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கேன். வெளிய போகல. நீ வந்து முகர்ந்துக்கிட்டே இரு!"

அதற்கு மூக்கு கத்தவில்லை. அவள் குரல் இறங்கினால்தான் பயம். "அஞ்சு மணி நேர ரயில் தூரத்துல எங்க தொழிற்சாலைக்கு ஒரு கிளை இருக்கு. மாத்தல் லெட்டர் என் கைப்பையில இருக்கு. சனிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுக்கணும். நான் போனா போனதுதான்."

ஜன்னல் சாத்தப்பட்டது. பால்காரர் வண்டியை எடுத்தார். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

*

அன்று மத்தியானமே மூக்கு, சலவைக் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்துக்குப் போனாள். இனிமேல் வரும் விஷயங்களில் பாதி எனக்குக் கண்டக்டர் சொன்னது. அவர் தன்னைப் பற்றிச் சொன்ன பெருமைகளைக் கழித்துவிட்டே எழுதுகிறேன்.

வாசலில் பலகை: 'ரகசிய விசாரணை. கதவைப் பலமாகத் தட்டவும்.'

உள்ளே லேபக்கா. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். அடுத்தவர் உடம்பில் ஓடும் ரகசியத்தை எல்லாம் பார்த்தாயிற்று, வீட்டில் ஓடுவதையும் பார்த்துவிடலாமே என்று ஓய்வுக்குப் பிறகு இந்தக் கடையைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய கொழுந்தன். பஸ் கண்டக்டராக இருந்தவர். பயணிகளோடு வாயாடியே வேலையை விட்டவர்.

"மூணு சாட்சி இருக்கு," என்றாள் மூக்கு. "ஒண்ணு, அவர் மூச்சுல வேகவெச்ச முட்டைக்கோஸ் வாசனை. எங்க வீட்டுல முட்டைக்கோஸே வாங்கறதில்ல. ரெண்டு, வாரத்துக்கு ரெண்டு நாள் கண்ணாடிக் கடை. திருகாணி லூஸாம்."

"யாருக்கு?" என்றார் கண்டக்டர்.

லேபக்கா அவரைப் பார்க்காமலே, "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க," என்றார். கண்டக்டர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நானும் கண்ணு சோதிக்கற மாதிரி அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரி இந்த ஊருக்குப் புதுசா வந்தவ. முப்பத்தெட்டு வயசிருக்கும். கல்யாணம் ஆகல. லைட்டை அணைச்சிட்டு டார்ச்சோட முகத்துக்கிட்ட வந்தா. மேல கிராம்பு வாசனை. கிராம்புக்குக் கீழ…" மூக்கு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதே முட்டைக்கோஸ். ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிடறாங்கக்கா."

"மூணாவது?"

மூக்கு நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். கதவிடுக்கில் செருகியிருந்ததாம். பெரிய பெரிய எழுத்து. 'உன் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண்ணை மட்டும் காட்டவில்லை. அவளை ஊரை விட்டுத் துரத்து.'

லேபக்கா தாளை முகர்ந்து பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். "எனக்குக் கிராம்பு மட்டும் தெரியுது. உனக்கு?"

"கிராம்பு. அப்புறம் தகரம். பழைய தகரம், துரு ஏறினது." சலித்துக்கொண்டாள். "இதை எழுதினது யாரா இருந்தா எனக்கென்ன? எழுதினது உண்மையா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"சரி. உடற்பயிற்சி, தினம் பத்து முட்டைன்னு சொன்னியே, உன் வீட்டுக்காரர் ஏன் திடீர்னு உடம்பை வளர்க்கறார்?"

"அவளுக்காகத்தான். வேற எதுக்கு?"

"உங்க ஆபீஸ்ல யாராவது ஆம்பளை நல்ல கட்டுமஸ்தா இருக்காங்களா?"

மூக்கு திகைத்தாள். "பாய்லர் போர்மேன் இருக்கார். தோள் ரெண்டும் கதவு மாதிரி. ஏதோ பேச்சுல ஒரு நாள் வீட்டுல சொன்னேன். ஆனா அந்த மனுஷனுக்கு வாசனையே தெரியாதுக்கா. இருபது வருஷமா சோப்புக் காய்ச்சற காரத்தொட்டிப் பக்கத்துல நின்னு மூக்கு செத்துப்போச்சு. ரோஜாவும் ரப்பரும் அவருக்கு ஒண்ணு."

லேபக்கா ஏதோ குறித்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். தாளில் ஒரே ஒரு வார்த்தை: 'முட்டை.'

*

வியாழக்கிழமை காலை கண்டக்டர் கண்ணாடிக் கடைக்குப் போனார். சின்னக் கடை. சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்து அட்டை, சாய்வு நாற்காலி, கண்ணாடி ஜாடியில் கிராம்பு. கண்ணாடிக்காரம்மா அளவாகச் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது.

"எந்த எழுத்து வரைக்கும் தெரியுது?"

"கடைசி வரி வரைக்கும் தெரியுது. அதுக்குக் கீழ அச்சடிச்சவர் பேர்கூடத் தெரியுது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"இங்க என்னமோ இலவசம்னு போர்டு இருந்ததே?"

அவள் முகம் மாறியது. "அது எடுத்தாச்சு."

எடுத்த பலகை கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. அவள் லென்ஸ் எடுக்க உள்ளே போன நேரத்தில் கண்டக்டர் அதைத் திருப்பிப் படித்தார். 'நாற்பத்திரண்டு வயது ஆண்களுக்கு மட்டும் கண் பரிசோதனை இலவசம்.'

பலகையை அவசரமாகப் பழையபடி திருப்பி வைத்தார். மீட்டரின் வயது அதுதானே? ஆனால் வந்த வேலை இன்னும் பாக்கி. பையிலிருந்து ஒரு சிவப்பு பலூனை எடுத்தார்.

"இன்னிக்கு என் பொறந்த நாளு. எனக்கு மூச்சு பத்தல. நீங்க ஒண்ணு ஊதித் தர்றீங்களா?"

"உங்க பொறந்த நாளைக்கு நீங்களே பலூன் வாங்கினீங்களா?"

"எனக்கு யாருங்க வாங்கித் தருவாங்க?"

பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு திரும்பி நின்றுகொண்டு ஊதிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் மீட்டர் வீட்டு மாடிக்கும் போனார். மீட்டர் சொன்னபடியே நாற்காலியில் கிடந்தார். பக்கத்தில் வாழைப்பழத் தோல்கள். எதிரில் அவர் அம்மா, மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு.

"பட்டினி கிடக்கறானே, வாயி கசக்குமே, ஒண்ணாவது போட்டுக்கடா," என்று டப்பாவைத் திறந்து கிராம்பை நீட்டினார். மீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நுரையீரல் சோதனை," என்று கண்டக்டர் அவரிடமும் ஒரு பலூனை ஊதி வாங்கினார். படியிறங்கும்போது மூக்கு அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்துல இருந்து பழமும் தண்ணியும்தான். வெளிய காலெடுத்து வைக்கல. ஆனாலும் அந்த வாசனை இருக்கு. லேசாத்தான். ஆனா இருக்கு! பட்டினி கிடக்கற மனுஷன் வாயில எப்படி?"

"ஜன்னல் வழியா யாராவது ஊட்டறாங்களோ என்னவோ," என்றார் கண்டக்டர். அவள் சிரிக்கவில்லை.

இதைக் கேட்டதும் லேபக்கா மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "வெளியில இருந்து வராதது உள்ள இருந்துதானே வரணும்? போய் அவரோட பள்ளிக்கூடத்துல படிச்சவங்க யாராவது இருந்தா பிடிங்க. சின்ன வயசுல அவருக்கு என்ன பட்டப்பேரு? அது ஒண்ணு போதும்."

"அண்ணி, முப்பது வருஷத்துக்கு முந்தின பட்டப்பேரை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"டிக்கெட்டை முதல்ல கிழிங்க. எந்த ஸ்டாப்புன்னு அப்புறம் கேளுங்க."

ரயிலடி முடிதிருத்துபவர் மீட்டரோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர். கண்டக்டரின் பாதித் தலையில் கத்தரி ஓடிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"அவனா? அவனை 'கோஸ்'னுதான் கூப்பிடுவோம். பக்கத்துல உட்கார்ந்தா முட்டைக்கோஸ் வேகற மாதிரி வாசனை வரும். டீச்சர் பல்லு விளக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. அவங்கம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, 'என் புள்ள தினம் மூணு தடவை விளக்கறான்'னு ஒரு சண்டை. மறுநாள்ல இருந்து சட்டைப் பையில கிராம்பு வெச்சு அனுப்பினாங்க. அதோட பேரும் போச்சு, வாசனையும் போச்சு. தலையைக் குனிங்க."

கண்டக்டர் குனியவில்லை. பாதி வெட்டிய தலையோடே எழுந்து ஓடினார்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம். போன வருடம் நான் இரவல் வாங்கிய சல்லடை ஒன்று மூக்கு வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அதற்கு அன்று சாயங்காலம் ஐந்தரை மணிதான் தோதாக வாய்த்தது.

உள்ளே ஒரே கூட்டம். நடுவில் மூக்கின் டிரங்குப் பெட்டி. அதைத் தூக்க வந்திருந்த பாய்லர் போர்மேன், கதவையே அடைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளைப் பார்த்ததும் மூன்று நாளாக வாழைப்பழத்தில் இருந்த மீட்டர் எழுந்துவிட்டார்.

"பெட்டி தூக்க இவர்தான் கிடைச்சாரா?"

"ஏன், உங்களால முடியுமா?"

"முடியணும்னுதானே ஆறு மாசமா முட்டை முட்டையா முழுங்கினேன்! தோளு கதவு மாதிரின்னு சொன்னது யாரு? சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப, என் தோளைப் பார்த்துக்கிட்டே, சொன்னது யாரு?"

மூக்கு இரண்டு பேர் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். போர்மேன் தோளைக் குறுக்கிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் லேபக்கா. மேஜைமேல் நாலு பலூன், நாலு நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். "மூக்கும்மா, உன் தொழிற்சாலை வழக்கப்படியே பண்ணலாம். பேர் கிடையாது, நம்பர்தான். கண்ணை மூடு. ரப்பர் வாசனையைத் தள்ளிட்டுச் சொல்லு."

கண்டக்டர் முதல் பலூனின் முடிச்சை மெல்லத் தளர்த்தினார்.

"ஒண்ணாம் நம்பர். பீடி, வெங்காய பஜ்ஜி இல்ல… வெங்காயம் பச்சையா. இவர்," என்று கண்டக்டர் பக்கம் கை காட்டினாள்.

"பீடியை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு," என்றார் கண்டக்டர்.

"ரெண்டு நாள். அடுத்தது."

இரண்டாவதில் நிதானித்தாள். "இது எங்க வீட்டுக்காரர். லேசா இருக்கு. பழம் வாசனையும் இருக்கு." மூன்றாவதில், "மருந்துச் சீசா, டீ. லேபக்கா, நீங்க." நான்காவதில் புருவம் சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள். "கிராம்பு மேல. கீழ… மறுபடியும் எங்க வீட்டுக்காரர்தான். ரெண்டும் நாலும் ஒரே ஆள். எதுக்குக்கா அவரை ரெண்டு தடவை ஊத வெச்சீங்க?"

"நிச்சயமா?"

"பதினாலு வருஷத்துல ஒரு தடவையாவது நான் தப்பாச் சொல்லியிருக்கேனா?"

லேபக்கா கண்டக்டருக்குக் கண் காட்டினார். கண்டக்டர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். கண்ணாடிக்காரம்மா வெளியே வந்தாள்.

"நாலாவது இவங்க ஊதினது," என்றார் லேபக்கா.

சல்லடை என் கையிலிருந்து விழுந்து உருண்டு ஓடியது. யாரும் எடுக்கவில்லை.

"வாசனை சாப்பாட்டுல இருந்து வந்தா சாப்பாட்டு வாசனைதான் தெரியும், ஆள் வாசனை தெரியாது. உன் மூக்கு சரியாத்தான் சொல்லுச்சும்மா. நீதான் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டே." லேபக்கா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முட்டை, மீன், பருப்பு எல்லாத்துலயும் புரதம் இருக்கு. அதை உடம்பு சின்னச் சின்னத் துண்டா உடைக்குது. அந்தத் துண்டுகள்ல ரெண்டுல கந்தகம் உண்டு. ஒண்ணு மெத்தியோனின். அதை நாம சாப்பிட்டுத்தான் ஆகணும். இன்னொண்ணு சிஸ்டீன். அதை உடம்பே மெத்தியோனின்ல இருந்து செஞ்சுக்கும். மிஞ்சினதை இன்னும் உடைச்சு, கந்தகத்தை மூத்திரத்துல தள்ளிடும். இந்த உடைக்கிற வேலையில வழியில ஒரு வாயு கிளம்புது. முட்டைக்கோஸ் வேகறப்ப வர்ற அதே வாயு."

"எனக்குமா?" என்றார் கண்டக்டர்.

"எல்லாருக்கும். ஆனா நம்ம ரத்தத்துல ஒரு நொதி இருந்து அதை அப்பப்ப அழிச்சிடும். லட்சத்துல ஒருத்தருக்குப் பொறப்புலயே அந்த நொதி வேலை செய்யாது. வாயு ரத்தத்தோட நுரையீரலுக்குப் போய் மூச்சுல வெளிய வந்துடும். வேற கெடுதல் இல்ல, வாசனைதான்."

"அதாவது எல்லார் பஸ்ஸும் டெப்போவுக்குள்ள போயிடுது. இவருக்கு டெப்போ கேட் பூட்டிக் கிடக்கு. பஸ்ஸெல்லாம் மெயின் ரோட்டுல நிக்குது."

"அதேதான். பல்லு விளக்கினாலும் போகாது."

"ரோட்டைக் கூட்டினா பஸ் நகருமா?"

"தினம் பத்து முட்டை தின்னா பஸ் ஜாஸ்தி. பட்டினி கிடந்தா குறையும், ஆனா நிக்காது. ஏன்னா சாப்பாடு வரலைன்னா உடம்பு தன் தசையையே உடைக்க ஆரம்பிச்சிடும். அதுலயும் அதே கந்தகம். மூக்கும்மா, இந்த வாசனை உனக்கு ஆறு மாசமாத்தான் தெரியுமா? நல்லா யோசி."

மூக்கு யோசித்தாள். அவள் காது சிவந்தது. "கல்யாணமான புதுசுலயே இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "கிராம்புக்கு அடியில. அது அவரோட வாசனைன்னு… எனக்குப் பழகிப்போச்சு. அப்புறம் தெரியவே இல்ல."

மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லட்சத்துல ஒருத்தர்," என்றார் லேபக்கா. "அப்படி ரெண்டு பேர் ஒரே கடையில. இந்தக் குறை வரணும்னா அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரணும். இவங்க கடையில ஒரு போர்டு இருந்துச்சு, நாப்பத்திரண்டு வயசு ஆம்பளைக்கு மட்டும் சோதனை இலவசம்னு. ஆம்பளை தேடறவ, நாப்பத்திரண்டு வயசுக்கு மட்டும்னு எழுதுவாளா? ஒரே ஒரு ஆளைத் தேடறவதான் எழுதுவா. ஆள் கிடைச்சதும் போர்டைத் திருப்பி வெச்சுட்டா. யாரைம்மா தேடினே?"

கண்ணாடிக்காரம்மாவின் கை வாய்க்குப் போனது. பிறகு அவளே அதைக் கீழே இறக்கினாள்.

"எங்க அண்ணனை."

தெருவில் சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது.

"நான் பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி எங்கம்மா படுத்த படுக்கை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுல, குழந்தை இல்லாதவங்ககிட்டக் குடுத்துட்டாங்க. அவங்க குடிமாறி இந்த ஊருக்கு வந்தாங்கன்னு சாமான் ஏத்தின லாரிக்காரர் சொன்னாராம். அப்பா போன வருஷம் போறப்ப இதைச் சொன்னார். பேர் தெரியாது, முகம் தெரியாது. வயசு தெரியும். அப்பா மூச்சுக்கு ஒரு வாசனை உண்டு, எனக்கும் உண்டுன்னு அம்மா சொல்லுவாங்க. கண்ணு சோதிக்கற வேலையில மட்டும்தான் ஒருத்தர் மூச்சுக்கிட்ட போனா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க." மீட்டரைப் பார்த்தாள். "இவர் வந்து உட்கார்ந்தார். டார்ச்சோட குனிஞ்சேன். எங்கப்பா."

"வாரத்துக்கு ரெண்டு நாள் அப்பாவைப் பத்திக் கேட்கத்தான் போனேன்," என்றார் மீட்டர். "உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சொன்னா அம்மாவுக்குத் தெரியும். என்னைப் பெக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

"அம்மாவுக்குத் தெரியும்," என்றார் லேபக்கா.

எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

"மூக்கும்மா, அந்தத் தாள்ல என்ன வாசனைன்னு சொன்னே?"

"கிராம்பு. துருப்பிடிச்ச தகரம்." சொல்லி முடிக்கும்போதே மூக்குக்கு உறைத்துவிட்டது. கண்ணாடிக்காரம்மாவின் கிராம்பு கண்ணாடி ஜாடியில். மீட்டரின் கிராம்பு சட்டைப் பையில். தகர டப்பாவில் கிராம்பு வைத்திருப்பவர் அந்த வீட்டில் ஒருவர்தான். "அத்தே!"

அந்த அம்மாள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "ஆமாம், நான்தான். இவ கடை திறந்த முதல் வாரமே போனேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்குத் தெரியாதா? பொறந்து பத்து நாள்ல இருந்து அந்த மூச்சை என் தோளுல போட்டுக்கிட்டவ நானு. அவங்க குடுத்தது நெஜம். திரும்பக் கேட்டுடுவாங்களோன்னுதான் ஊரையே மாத்தினேன். நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இவ வந்து நிக்கறா, 'அண்ணா'ன்னு."

"அதுக்காக என் குடும்பத்தைக் கலைப்பீங்களா?"

"நீ கடையில போய்ச் சத்தம் போடுவே, அவ ஊரை விட்டு ஓடுவான்னு நினைச்சேன். நீ பெட்டி கட்டுவேன்னு எனக்கென்ன தெரியும்?" டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "மருமக போனா சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துடலாம். புள்ள போனா?"

கண்டக்டர் ஒரு நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் தள்ளினார்.

மீட்டர் அம்மாவிடம் நடந்து போனார். அந்த டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் எங்க போகப் போறேன்மா? மூணு நாளா இந்த நாற்காலியை விட்டே எழுந்திருக்கல," என்றார்.

மூக்கு கைப்பையிலிருந்து மாற்றல் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை, அது ஆபீஸ் காகிதம். போர்மேனிடம் நீட்டினாள். "அங்க ஆள் கட்டாயம் வேணுமாம். நான் வரலைன்னு சொல்லிடுங்க."

போர்மேன் அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கொண்டு வந்தார். மறுபடி தூரத்தில்.

"உங்களுக்குக் கண்ணு சோதிக்கணும்," என்றாள் கண்ணாடிக்காரம்மா. சொல்லும்போது கை வாய்க்குப் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

*

நாலு மாதத்தில் போர்மேனுக்கும் கண்ணாடிக்காரம்மாவுக்கும் கல்யாணம். போர்மேன் திருகாணி இறுக்க எத்தனை தடவை அந்தக் கடைக்குப் போனார் என்பது தெருவுக்கே மனப்பாடம். இந்த முறை யாரும் சந்தேகப்படவில்லை, எல்லோரும் நிச்சயமாகவே இருந்தோம். எந்தத் தோளைப் பார்த்து வயிறு எரிந்து பத்து முட்டை விழுங்கினாரோ, அந்தத் தோளில் கை போட்டு "மாப்பிள்ளை" என்று அழைத்துப் போக வேண்டிய நிலைமை மீட்டருக்கு. முட்டையை இரண்டாகக் குறைத்துவிட்டார். அவர் வாசனை பழைய அளவுக்கு இறங்கிவிட்டது என்று மூக்கு சொல்கிறாள். எவ்வளவு கிட்டப் போய்ச் சோதித்தாள் என்று நான் கேட்கவில்லை. கண்டக்டரின் மீதிப் பாதித் தலைமுடி கல்யாணத்தன்று காலையில்தான் வெட்டப்பட்டது.

அந்தக் கிளைக்கு ஆள் கட்டாயம் வேண்டும் என்று தொழிற்சாலையில் பிடிவாதம் பிடித்தார்கள். மூக்குக்குப் பதிலாகப் போர்மேன் போனார். கண்ணாடிக்காரம்மா எழுத்து அட்டையைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

ரயிலடியில் எல்லோரும் நின்றோம். மீட்டரின் அம்மா கடைசி நிமிடம்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல. வண்டி ஊதியதும் எழுந்து ஜன்னலருகே போனார். அந்தத் துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவை உள்ளே நீட்டினார்.

"அவனுக்கு வேற வாங்கிக்கறேன்," என்றார். "இது நல்ல கிராம்பு. உன் ஜாடியில இருக்கறது வெறும் குச்சி. அன்னிக்கே பார்த்தேன்."

கண்ணாடிக்காரம்மா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த போர்மேன் மூடியைத் திறந்து, தன் மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

"என்ன இது, டப்பா காலியா?" என்றார்.

வண்டி நகர்ந்தது.